வாசிக்காமல் விட்ட நான்காம் வரி

போன மாதம் எங்கள் பழைய கந்தோரிலிருந்து நிரோஷா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பிறகு என் கதிரைக்கு வந்தவள். கெட்டிக்காரி, பேச்சில் மட்டும் கொஞ்சம் அவசரம். கம்பனியின் கொடுக்கல் வாங்கலில் தமக்குப் பங்குண்டா இல்லையா என்று பணிப்பாளர்கள் ஒப்பமிட வேண்டிய தொடர்புப் பிரகடனத்தை இனிமேல் கைப்பேசியிலேயே நிரப்பி அனுப்பிவிடலாம் என்று புது ஏற்பாடு வந்திருக்கிறதாம்.

"அக்கா, நீங்க ஒவ்வொரு பணிப்பாளருக்கும் படிவத்த வரிவரியா வாசிச்சுக் காட்டுவீங்களாமே. ஆக்கள் கொட்டாவி விட்டாலும் விடமாட்டீங்களாம். இனி அது தேவையில்லத்தானே?"

"தேவை" என்றேன்.

"ஏன் அக்கா?"

அடுப்பில் மீன்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு நிமிடத்தில் சொல்லக்கூடிய கதையுமில்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான், அதை அவளுக்கு மட்டும் சொல்லி முடிக்க எனக்கு மனமில்லை என்று தெரிந்தது.

முப்பத்தொரு வருடம் நான் ஒரு சுற்றுலாக் கம்பனியின் செயலகத்தில் வேலை செய்தேன். வெளிநாட்டாரை விமான நிலையத்தில் ஏற்றி, மலைநாடு காட்டி, கடல் காட்டி, திரும்பக் கொண்டுபோய் விடுகிற கம்பனி. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. அதாவது அதன் பங்கை யாரும் வாங்கலாம். காலியில் இருக்கிற ஒரு பென்சன்காரரும் வாங்கலாம், எங்கள் கல்லாற்று ரீச்சரும் வாங்கலாம். ஆகவே கம்பனிக்குள் நடக்கிற முக்கியமான எதையும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் அறிவிக்க வேண்டும். அந்த அறிவித்தல்களை எழுதுவது, பணிப்பாளர் சபையைக் கூட்டுவது, கூட்டறிக்கை எழுதுவது, பதிவேடுகளைக் காப்பது எல்லாம் கம்பனிச் செயலாளரின் பொறுப்பு. செயலாளர் என்றால் சபைத் தலைவரான தவிசாளருக்குக் கடிதம் தட்டச்சு அடித்துக் கொடுக்கிறவர் என்றுதான் என் சொந்தத் தங்கையே பத்து வருடம் நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் மறுத்துப் பேசவில்லை. விளங்கப்படுத்தப் போனால் அவள் சோறு போடப் பிந்திவிடும்.

மட்டக்களப்புப் பக்கத்துக் களுவாஞ்சிக்குடியிலிருந்து கொழும்புக்குப் போனது, பகலில் வேலையும் பின்னேரம் வகுப்புமாக ஆறு வருடம் ஓடியது, கம்பனிச் சட்டத்தில் இரண்டு தரம் கோட்டை விட்டது, மூன்றாம் தரம் பாசானது எல்லாம் எல்லாருக்கும் உள்ள கதைதான். எனக்கு மட்டும் வாய்த்தது மிஸஸ் வீரக்கொடி. அவர்தான் கம்பனிச் செயலாளர், என் மேலதிகாரி. எங்களோடு ஆங்கிலத்தில்தான் பேசுவார். குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் தண்ணீர் கேட்பார். கிளாஸ் முழுவதையும் குடித்து முடிக்கும் வரை முன்னால் நிற்பவருக்கு மூச்சு வராது. அதன் பிறகு ஒரேயொரு கேள்வி கேட்பார். அதற்குப் பதில் சொல்வதைவிட இரண்டு அடி வாங்குவது சுகம்.

அவரிடம் விட்டுக்கொடுக்காத ஒரு வழக்கம் இருந்தது. ஒரு அறிவித்தலில் யாருடைய பெயராவது நல்லதற்கோ கெட்டதற்கோ வருமானால், அது பங்குச் சந்தைக்குப் போவதற்கு முன், எழுதியவரே அந்த ஆளுக்கு அதை வாசித்துக் காட்ட வேண்டும். வேறொருவரை அனுப்பக் கூடாது. "நாடு முழுவதற்கும் ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறீர்கள். அவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத வசனம் என்றால் அது சரியான வசனமல்ல" என்பார். எந்தச் சட்டப் புத்தகத்திலும் இந்த விதி கிடையாது. எங்கள் செயலகத்தில் சட்டத்தைவிட அதற்குத்தான் பயம்.

ஒருமுறை ஒரு வாவியில் வெள்ளம் ஏறி எங்கள் படகுச் சேவை முழுதும் நின்றுபோனது. ஒரு மேலாளர், திங்கட்கிழமை வரை பொறுத்தால் தண்ணீர் வடிந்துவிடும், அறிவிக்கத் தேவையே வராது என்றார். மிஸஸ் வீரக்கொடி தண்ணீர் கேட்டார். குடித்து முடித்து, "திங்கட்கிழமைக்கு முன் நம் பங்கை வாங்கப் போகிற ஒருவருக்கும் இதையேதான் சொல்வீர்களா?" என்று கேட்டார். சந்தை திறப்பதற்கு முன் அறிவித்தல் போய்விட்டது. அந்த மேலாளரின் பெயரே அதில் இருந்ததால், எழுதிய நான்தான் போய் அவருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கிழக்கில் கம்பனி பெரிதாகக் கால் வைத்தபோது என்னைத் துணைச் செயலாளராக மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள். கிழக்கு மாகாணத்துக் காணி, குத்தகை, கூட்டம் எல்லாம் என் பொறுப்பு. ஊரோடு வந்து சேர்ந்ததில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மிஸஸ் வீரக்கொடி இரண்டொரு வருடத்தில் ஓய்வுபெறுவார், அடுத்தது நான்தான் என்று கந்தோரில் எல்லாரும் சொன்னார்கள். நானும் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அந்த நேரத்தில்தான் தவராசா ஐயா பணிப்பாளர் சபைக்கு வந்தார். களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்துக்காரர், ஓய்வுபெற்ற மீன்பிடிப் பரிசோதகர். கடலைத் தொட்டுக் கிடக்கும் மட்டக்களப்பு வாவியில் எந்த இடத்தில் எவ்வளவு ஆழம், எந்த மாதத்தில் முகத்துவாரம் கடலுக்கு வெட்டுப்படும், எந்தக் கரையில் கட்டுவலை போடும் மீனவரோடு முட்டுப்படாமல் படகு விடலாம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவரைச் சுயாதீனப் பணிப்பாளராக எடுத்தார்கள். கம்பனியோடு எந்தக் கொடுக்கல் வாங்கலும் இல்லாதவர், ஆகையால் பக்கம் சாராமல் பேசக்கூடியவர் என்று அர்த்தம். மாசு மறுவில்லாத மனுசன். பரிசோதகராக இருந்த காலத்தில் ஒரு இறால்கூட இனாமாக வாங்காதவர் என்று வாவிக்கரையில் சொல்வார்கள்.

படகுத்துறை கட்ட ஒரு காணி தேவைப்பட்டது. செட்டிபாளையத்தில் வாவியைத் தொட்ட ஒரு வளவு பொருந்தி வந்தது. சொந்தக்காரி சுகந்தி ரவீந்திரன் என்ற பெண். புருசனோடு கட்டாரில் இருந்தார். களுவாஞ்சிக்குடிச் சட்டத்தரணி ஒருவர் மூலம் கடிதங்கள் வந்துபோயின. குத்தகையை அங்கீகரிக்கும் கூட்டத்தை அந்த முறை மட்டக்களப்பிலேயே வைத்தார்கள். வருடத்தில் ஒருமுறை அப்படி நடக்கும். கொழும்புப் பணிப்பாளர்கள் காலையில் வாவியில் படகோடிப் பார்த்து, மத்தியானம் நண்டுக்கறி சாப்பிட்டு, வியர்வையோடு கூட்ட மண்டபத்துக்குள் வந்துகொண்டிருந்தார்கள்.

கூட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு பணிப்பாளரும் அந்தக் காணி பற்றிய தொடர்புப் பிரகடனத்தில் ஒப்பமிட வேண்டும். ஆங்கிலப் படிவம். ஆறு வரி. உங்களுக்கு இதில் தொடர்புண்டா, வாழ்க்கைத் துணைக்கு உண்டா, பெற்றோருக்கு உண்டா என்று போகும். நான்காம் வரி, திருமணமான பிள்ளைகளுக்கும் அவர்களுடைய துணைகளுக்கும் உண்டா என்பது. தவராசா ஐயாவுக்கு ஆங்கிலம் நன்றாக வரும். ஆனாலும் கண்ணாடியைப் படகில் விட்டுவிட்டு வந்திருந்தார்.

"வாசிங்க புள்ள, கையெழுத்து வைக்கிறன்" என்றார்.

தவிசாளர் உள்ளே மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டே, "ஐயா, இந்தத் துறைக்காணியில உங்களுக்கோ உங்கட வீட்டாருக்கோ ஏதும் பங்கு இரிக்கா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன பங்கு? இல்ல."

ஆறு பெட்டியிலும் 'இல்லை' என்று நானே அடையாளமிட்டேன். அவர் ஒப்பமிட்டார். உள்ளே போனார். அந்தக் கரையில் ஆழம் காணும், கோடையிலும் படகு தட்டாது என்று இரண்டு வார்த்தை பேசினார். கை உயர்த்தினார். தொடர்புடைய தரப்பினர் எவரும் இல்லை என்ற வசனத்தோடு நான் அறிவித்தலை எழுதினேன். அன்று பின்னேரமே அது பங்குச் சந்தைக்குப் போனது.

ஆறு கிழமை, ஒன்றரை மாதம் போல, கழித்து நில அளவையாளரோடு அந்த வளவுக்குப் போனேன். எல்லைக் கல் பார்க்க வேண்டியிருந்தது. வளவுக்குள் முப்பது முப்பத்திரண்டு வயதில் ஒரு பெண் தென்னோலை ஒதுக்கிக்கொண்டு நின்றார். எங்களைக் கண்டதும் சிரித்துக்கொண்டு வந்தார்.

"நீங்கதானே அக்கா அப்பாட கம்பனி? நான் சுகந்தி. லீவில வந்திரிக்கன்."

"எந்த அப்பா?" என்று கேட்டேன்.

"என்னக்கா, தவராசாப் பரிசோதகர்ட மகள் நான். தெரியாதா உங்களுக்கு?"

அளவையாளர் சங்கிலியை விரித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தென்னங்குற்றியில் இருந்துவிட்டேன். காணி பணிப்பாளரின் மகளுடையது. அவர் பேசியிருக்கிறார், வாக்களித்திருக்கிறார். தொடர்பு இல்லை என்று நாங்கள் நாட்டுக்கே அறிவித்திருக்கிறோம்.

மட்டக்களப்பில் இது எப்படி நடக்கும் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். எங்கள் பக்கத்தில் வீடு வளவு பெண்பிள்ளைக்குத்தான். தாய்வழியில் வந்தது மகளுக்குப் போகும். கலியாணம் முடிந்தால் அது மகளும் மருமகனும் இருக்கிற வீடு. கொடுத்தது கொடுத்ததுதான். அந்தச் சீதனத்தைப் பற்றி அதற்குப் பிறகு தகப்பன் நாலுபேருக்கு முன்னால் வாய் திறந்தால், கொடுத்ததைத் திரும்பக் கேட்கிறான் என்று மருமகன் வீட்டார் நினைப்பார்கள். அதைவிட மானக்கேடு கிடையாது. கொழும்பிலோ கண்டியிலோ பிறந்த ஒரு செயலாளர் என்றால் படிவத்தில் உள்ளதை உள்ளபடி வாசித்திருப்பார். நான் இந்த ஊர்க்காரி. 'வீட்டார்' என்று கேட்டபோது, கலியாணம் முடிந்த மகள் வேறு வீடு என்பது என் மனதிலும் அப்படியே கிடந்தது. நான்காம் வரியை வாசிக்க மறந்தேன் என்று சொல்ல முடியாது. வாசிக்கத் தேவையில்லை என்று நினைத்தேன்.

அன்றே மிஸஸ் வீரக்கொடிக்குச் சொன்னேன். திருத்த அறிவித்தல் உடனே போக வேண்டும் என்றார். குத்தகையை நிறுத்திவைத்து, கணக்காய்வுக் குழு பார்த்து, தவராசா ஐயா இல்லாமல் சபை மறுபடி வாக்களிக்க வேண்டும். நகலை ஒரு மணித்தியாலத்தில் அனுப்பச் சொன்னார். நான் அனுப்பிய நகலில் இப்படி இருந்தது: 'பணிப்பாளர் திரு. தவராசா இக்காணியில் தமக்குள்ள குடும்பத் தொடர்பை வெளிப்படுத்தத் தவறினார்.'

ஏன் அப்படி எழுதினேன் என்று இன்றைக்கு நல்ல காரணம் தேடிப் பார்த்தாலும் கிடைக்கவில்லை. பயந்தேன். அந்தக் கதிரை என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. படிவத்தில் அவருடைய ஒப்பம் இருக்கிறது, எழுத்தில் அது உண்மை, யாரும் கேள்வி கேட்க முடியாது.

தொலைபேசியில் மிஸஸ் வீரக்கொடி தண்ணீர் கேட்பது எனக்குக் கேட்டது. கிளாஸ் மேசையில் வைக்கப்படும் சத்தமும் கேட்டது.

"படிவத்தை அவருக்கு வாசித்தீர்களா?"

"கேட்டேன், மெடம்" என்றேன்.

"சரி. இந்த வசனத்தை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்" என்றார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கல்முனை வீதியால் போனேன். குருக்கள்மடம் தாண்டும்வரை அந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே போனேன். தவராசா ஐயா வீட்டில்தான் இருந்தார். மகளுக்கு வளவைக் கொடுத்த பிறகு அவரும் மனைவியும் வீதிக்கு இந்தப் பக்கம் சின்னதாக ஒரு கல்வீடு கட்டிக்கொண்டு இருந்தார்கள்.

"என்னகா புள்ள, இந்த வெயிலுக்க. இரிங்க, தேத்தண்ணி குடிப்பம்."

நான் இருக்கவில்லை. நின்றபடி வாசித்தேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தமிழில். 'தவறினார்' என்ற இடத்தில் என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார்.

"சுகந்திட வளவெண்டு ஊருக்கே தெரியும். நீங்களும் நம்மட ஊர்ப் புள்ளதானே, தெரிஞ்சுதான் கேக்கிறீங்க எண்டு நான் நினைச்சன்."

"அப்ப ஏன் ஐயா ஒரு வார்த்த சொல்லல்ல?"

"குடுத்த சீதனத்த, என்ட தொடர்பு எண்டு சபையில சொல்லுவனா? மருமகன் கேள்விப்பட்டா என்ன நினைப்பார்? நீங்க வீட்டார் எண்டு கேட்டீங்க. என்ட வீட்டில நானும் அவவும்தான்." என்னை நேரே பார்த்தார். "முப்பது வருசம் சீருடை போட்டவன் புள்ள நான். பிழை விட்டன் எண்டு போடுங்க. ஒளிச்சன் எண்டு மட்டும் போடாதீங்க."

அவருக்கு முன்னால் கிடந்த கதிரையில் இருந்தேன். படிவத்தை எடுத்து நான்காம் வரியைக் காட்டினேன். "இத நான் உங்களுக்கு வாசிக்கல்ல ஐயா" என்றேன். அவர் அதை உதடு அசைய இரண்டு தரம் வாசித்தார். பிறகு சிரித்தார். அந்த நேரத்தில் சிரிப்பார் என்று நான் நினைக்கவேயில்லை.

"நல்லாயிரிக்கி. கேட்டதும் மட்டக்களப்பு, சொன்னதும் மட்டக்களப்பு. மறுகா என்னத்துக்கு நம்மள கொழும்புக் கம்பனியில வைச்சிரிக்காங்க?"

அவருடைய முற்றத்தில் நின்றே மிஸஸ் வீரக்கொடியைக் கூப்பிட்டேன். வாசிக்கவில்லை, கேட்கத்தான் கேட்டேன், அதுவும் சுருக்கிக் கேட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த ஆறு வரியையும் வாசிக்க எவ்வளவு நேரம் எடுக்கும்?"

"நாலு நிமிடம், மெடம்."

"வசனத்தை நீங்களே மாற்றி எழுதுங்கள். நான் கை வைக்கமாட்டேன். என் இடத்துக்கு யார் வருவது என்று தீர்மானிக்கிற அதே சபைதான் இதையும் வாசிக்கும். தெரிந்துகொண்டு எழுதுங்கள்."

தெரிந்துகொண்டுதான் எழுதினேன். 'பிரகடனப் படிவத்தின் நான்காம் வரி செயலகத்தால் பணிப்பாளருக்கு வாசிக்கப்படவில்லை. அதனால் அவருடைய திருமணமான மகளின் உரிமை முந்திய அறிவித்தலில் இடம்பெறவில்லை. பணிப்பாளர் எதையும் மறைக்கவில்லை.' கடைசி வசனம் வழக்கத்துக்கு மாறானது. மிஸஸ் வீரக்கொடி சொன்னபடியே அதில் கை வைக்கவில்லை. அதையும் ஐயாவுக்கு வாசித்துக் காட்டினேன். மறுநாள் சந்தை திறப்பதற்கு முன் அது போய்விட்டது.

கணக்காய்வுக் குழு மூன்று தரம் கூடியது. சுயாதீன மதிப்பீட்டாளர் ஒருவர் வந்து பார்த்தார். தவராசா ஐயா வெளியே இருக்க, சபை மறுபடி வாக்களித்துக் குத்தகையை அங்கீகரித்தது. துறை அங்கேதான் கட்டப்பட்டது. அவர் சுயாதீனர் அல்லாத பணிப்பாளராகத் தொடரலாம் என்று சபை சொல்லியும், நன்றி என்று ஒரு கடிதம் எழுதி விலகிக்கொண்டார். மிஸஸ் வீரக்கொடி ஓய்வுபெற்றார். அவருடைய இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். நான் துணைச் செயலாளராகவே கடைசி நாள் வரை இருந்தேன். கவலைப்படவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பிழையான அறிவித்தலாகிவிடும். நியமனக் கடிதம் வேறொருவர் பெயருக்கு வந்த அன்று கந்தோர்க் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன்.

அந்தத் திருத்த அறிவித்தல் போய் இரண்டு கிழமை இருக்கும். அளவையாளரின் வரைபடத்தோடு செட்டிபாளையத்துக்குப் போனபோது, மீனவர் சங்கத்து அறிவித்தல் பலகைக்கு முன்னால் நாலைந்து பேர் நின்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வழி விட்டார்கள். ஒரு கொப்பித் தாள். தவராசா ஐயாவின் உருண்டைக் கையெழுத்து.

'கம்பனிக்குக் குத்தகைக்குப் போகும் வளவு என் மகளுடையது. அதைச் சபையில் நான் சொல்லவில்லை. செயலாளர் அம்மா படிவத்தை ஒவ்வொரு வரியாக எனக்கு வாசித்துக் காட்டினார். கவனிக்காமல், தொடர்பு இல்லை என்று சொன்னது என் பிழை. இதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.'

நேரே அவருடைய வீட்டுக்குப் போனேன். வாசல் கேற்றில் நின்றபடியே, "ஐயா, அது பொய். நான் வாசிக்கவேயில்லையே. நாங்க பங்குச் சந்தைக்கு வேற மாதிரி அறிவிச்சிரிக்கம். தயவுசெய்து அதக் கழட்டுங்க" என்றேன்.

"உங்கட அறிவித்தல் கொழும்பாக்களுக்கு. அத நான் ஒண்டும் சொல்லல்ல" என்றார். "இது நம்மட ஆக்களுக்கு. நான் கிழவன், ஊர் என்ன சொன்னாலும் போகும். நீங்க இந்த றோட்டால இன்னும் பத்து வருசம் ஸ்கூட்டில போய்வர வேணும் புள்ள. கழட்ட மாட்டன்."

பிழை கண்டால் திருத்துங்கள் என்று தவிசாளரிடமே அடித்துப் பேசியவள் நான். அன்று கேற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "போயித்து வாறன் ஐயா" என்று மட்டும் சொன்னேன். முப்பத்தொரு வருடத்தில், பிழை என்று தெரிந்தும் திருத்தாமல் விட்ட ஒரே அறிவித்தல் அதுதான். மாரி மழையில் மை கரையும் வரைக்கும் அது அந்தப் பலகையில் இருந்தது.